சந்தனம் வைத்த சேர்வர்

"அண்ணை, இஞ்ச சனம் வெயிலுக்க நிக்குது. கொம்பியூட்டரில பேரைத் தட்டினா வட்டம் மட்டும் சுத்திக்கொண்டு நிக்குது." பூநகரிக் கிளையிலிருந்து கவிதா போனில் சொன்னபோது, கிளிநொச்சித் தலைமை அலுவலகத்தில் நான் காலைத் தேநீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. எங்கள் விவசாயிகள் சங்கத்தில் அன்று விதைநெல் கொடுக்கும் நாள். மழை பெய்து வயல் உழுதாயிற்று. யார் எந்த நெல்லினம் கேட்டுப் பதிந்தார் என்பதெல்லாம் தலைமை அலுவலகத்தின் மையக் கணினியான சேர்வரில்தான் இருந்தது.

முன்பு பூநகரிச் சனம் விதைநெல்லுக்குக் கிளிநொச்சிக்கே வரவேண்டும். பஸ் அருமை, வந்தால் ஒரு நாள் போய்விடும். அங்கேயே ஒரு கவுண்டர் திறக்கவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவர் எங்கள் முகாமையாளர் பரமேஸ் அக்கா. சங்கத் தலைவருக்கு அதில் நம்பிக்கை குறைவு. அவர் கணினிப் பொறுப்பிலிருந்த என் மேசைக்கே வந்துவிட்டார்.

"மத்தியானத்துக்குள்ள சரிவராட்டி பூநகரிக் கவுண்டரை மூடுவம் தம்பி. பழையபடி எல்லாரும் இஞ்ச வரட்டும்."

பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எங்கள் ஹோஸ்ட் ஒரு பெரிய மெசின். அதற்குள் தனித்தனி மெசின்கள் போல ஏழெட்டு வேர்ச்சுவல் சேர்வர்கள் ஓடும். பின்புறத்தில் நாலு நெட்வேர்க் கார்ட். அவற்றில் இரண்டு கார்ட் கிளைகளுக்கும் அலுவலகத்துக்கும், ஒன்று தரவு இருக்கும் ஸ்டோரேஜுக்கு, கடைசிக் கார்ட் தரவை நகலெடுத்து வைக்கும் பக்கப்புக்கு. கலியாண வீட்டில் சோற்றுக் கிடாரம் ஒரு வாசலாலும் விருந்தாளிகள் இன்னொரு வாசலாலும் போவதுபோல தரவு ட்ராபிக்கைப் பிரித்து வைத்திருந்தேன். ஒரு கார்ட் வேலை செய்யாமல் விழுந்தால் அதன் சுமையை மற்றது ஏற்கும்.

திரையைத் திறந்து பார்த்தால் மூன்று கார்ட் விழுந்து கிடக்கிறது. பக்கப் கார்ட் மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டு எல்லாவற்றையும் சுமக்கிறது. ஒன்று பழுதாகலாம், மூன்று ஒன்றாகப் பழுதாகுமா என்று குழம்பிக்கொண்டு மெசினை வைத்திருக்கும் ராக் அலுமாரியின் பின்கதவைத் திறந்தேன். கோயிலுக்குள் போனது மாதிரி வாசம் வந்தது. கேபிளைக் கழற்றி டோர்ச் அடித்தேன். கேபிள் செருகும் போர்ட்டின் அடியில், பொன்னிற ஊசிப் பின்களின் மேல், காய்ந்த சந்தனம்.

போன கிழமைதான் அலுவலகத்தில் வாணிவிழா, சரஸ்வதி பூசை. கணினி, தராசு, லொறி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். அதன்பின் வேலை குறைவு என்பதால் ஒற்றைக் கார்ட்டே சமாளித்திருக்கிறது; இன்று சனம் குவிந்ததும் திணறிவிட்டது.

"மெசினை நிப்பாட்டித்தான் துடைக்கோணும் ஐயா" என்றேன் தலைவரிடம்.

"நிப்பாட்டினா திரும்ப வருமோ?"

"வரும்" என்றேன்.

கவிதாவிடம் சனத்தை நிழலுக்குள் இருத்தச் சொல்லிவிட்டு ஹோஸ்டை அணைத்தேன். புதுப் பல் பிரஷ், ஸ்பிரிட், பக்கத்தில் டோர்ச் பிடித்தபடி அக்கா. பின் ஒவ்வொன்றாகத் துடைத்து, காயவிட்டு, கேபிளைச் செருகி மெசினை எழுப்பினேன். நாலு போர்ட்டிலும் பச்சை லைட் மினுங்கியது. ட்ராபிக் தன்தன் வாசலுக்குத் திரும்பியது.

"அண்ணை, வட்டம் சுத்தேல்ல. முதல் மூட்டை லாண்ட்மாஸ்டர் டிராக்டரில ஏறுது" என்றாள் கவிதா போனில். மத்தியானத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

தலைவர் விடவில்லை. "ஆர் அதுக்குள்ள சந்தனம் வைச்சது?"

"நான்தான் ஐயா" என்றார் அக்கா. "எங்கட பூநகரி வேலையெல்லாம் இதுக்குள்ளாலதானே போகுது. வெளியில மட்டும் வைக்க மனம் வரேல்ல. வயரைக் கழட்டி ஒவ்வொரு ஓட்டைக்கும் வைச்சனான்."

தலைவர் குனிந்து நாலு போர்ட்டையும் விரலால் எண்ணினார்.

"நாலுக்கும் வைச்சிருந்தா அண்டைக்கே எல்லாம் படுத்திருக்குமே. நாலாவது எப்பிடித் தப்பிச்சது?"

"சந்தனம் முடிஞ்சுபோச்சு ஐயா."

தலைவர் கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பில் களஞ்சியத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கவுண்டரை மூடும் கதையை அவர் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும்படி கட்டுவது நல்லது. ஆனால் விழுந்ததை உடனே உங்களுக்கு அறிவிக்கவும் ஒரு வழி வையுங்கள். தாங்கிக்கொண்டிருப்பது தானாக வந்து முறையிடாது. அக்காவோடு வேலை செய்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்வேன்: உங்கள் மெசினில் இவ்வளவு அன்பு வைக்கிற முகாமையாளர் கிடைத்தால் கும்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், ராக்கை மட்டும் பூட்டி வையுங்கள்.