எளிய மக்கள் இருக்குமிடம்

திருப்பத்தூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஒருவரின் வெப்சைட்டுக்கு, ஜவ்வாது மலையில் என் வீட்டிலிருந்தே ஊர்களைப் பற்றி எழுதித் தந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பொலிவியாவின் மேட்டுநிலம் பற்றி நில அமைப்பு, பொருளாதாரம், பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் சேர்த்துக் கேட்டார். வேளாங்கண்ணிக்கு வேன் விடுகிறவருக்குப் பொலிவியா எதற்கு? உப்புப் பாலைவனம், லாமா மந்தை, உறைபனியில் காயவைக்கும் உருளைக்கிழங்கு என்று கிடைத்ததையெல்லாம் போட்டு, "இயற்கையோடு இயைந்து வாழும் எளிய மக்கள்" என்று முடித்தேன். இந்த வரி இல்லாத சுற்றுலாப் பக்கம் உலகத்திலேயே கிடையாது. அங்கே லாமா மேய்ப்பவன் எளியவனா எமகாதகனா என்று எவனுக்குத் தெரியும்?

பிறகு எங்கள் மலையைப் பற்றிக் கேட்டார். சாமை விளைச்சல், புளி வாங்க வரும் வியாபாரியின் அடாவடி, மழை பெய்தால் நின்றுபோகும் பஸ் என்று உள்ளதை எழுதினேன். உடனே போன் வந்தது.

"இன்னாங்க இது? போகாத ஊர அவ்ளோ அழகா எழுதுனீங்க, இருக்குற ஊர இப்படி எழுதி வெச்சிருக்கீங்க!"

அந்த மேதாவி பொலிவியாப் பக்கத்தையே எடுத்து, உப்பை அருவியாக்கி, லாமாவை ஆடாக்கி, எங்கள் மலையின் பெயரை மேலே ஒட்டிவிட்டார். எளிய மக்கள் மீது மட்டும் கைவைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே, "இந்த எளிய மக்கள் எந்தப் பக்கம் இருக்காங்க?" என்று என் அம்மாவைக் கேட்டார்.

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படி யாரும் இல்லீங்க. இங்க நாங்கதான் இருக்குறோம்."