கரண்டைக்குக் கீழே இறங்கிய சாரன்

கொரோனா ஓய்ந்த மறுவருடம், சாய்ந்தமருதில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நடந்தது இது. நான் சாரன் கடைக்காரன். எங்கள் பக்கம் ஆண்கள் கரண்டைக்காலுக்கு மேலே சாரன் உடுத்தித்தான் தொழுவார்கள். நானோ மாதக்கணக்காகப் பள்ளிவாசல் தரையைக் கூட்டும் நீளத்துக்கு உடுத்திக்கொண்டிருந்தேன். இடது கரண்டைக்குச் சற்று மேலே ஆறாத புண் ஒன்று, அதை மறைக்கத்தான்.

சீனி வருத்தம் என்று நானே தீர்ப்பு எழுதி, இனிப்பில்லாத பிளேன்டீயை முகம் சுளித்துக் குடித்தேன். பாமசியில் விரலைக் குத்திப் பார்த்தால் சீனியே இல்லை! பிறகு மஞ்சள், தேன், யாரோ சொன்ன இலைச்சாறு. எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் புண் இன்னும் பெரிதானது.

"மச்சான், உங்கட வாய் மட்டுந்தான் மூடாது எண்டு நினைச்சன். புண்ணும் மூடாது போல" என்றாள் மனைவி.

சிரித்து வைத்தேன். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

அன்று தொழுது முடித்ததும், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதர், அண்ணனை அழைப்பதுபோல் மெதுவாகச் சொன்னார்: "காக்கா, சாரனைக் கொஞ்சம் உயர்த்தி உடுங்களன்."

"கடையில நீளச் சாரன் தேங்கிட்டு. விளம்பரத்துக்கு உடுக்கிறன்."

சிரித்தார். ஆனால் அவர் கண் சாரன் ஓரத்து ஈரக் கறையில் நின்றது. "விளம்பரத்தில நீர் வடியுதே. புண்ணா?"

சாரன் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தேன்.

அவர் என்னை, ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டியான ஹவுழுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தன் சாரனை உயர்த்தினார். முழங்கால்வரை இறுக்கமான காலுறை. அதை உருட்டி இறக்கினார். கரண்டைக்கு மேலே கறுத்த பழைய தழும்பு.

"எனக்கும் இதே இடம். இரத்தம் உறையிற வருத்தம் எண்டு பிறகுதான் தெரிஞ்ச. உங்கட கால் எப்பயாவது வீங்கினதா?"

"ஓம், கட்டாரில வேலை முடிச்சு, மணிக்கணக்கா பிளேனில இருந்து வந்திறங்கின நேரம், தூண் மாதிரி. சுளுக்கு எண்டு எண்ணெய் போட்டு உருவினன்."

"யா அல்லாஹ்! உருவினா உறைஞ்ச இரத்தக் கட்டி கழண்டு நெஞ்சுக்கு ஏறும். ஆளே முடிஞ்சிரிப்பீங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வாறன்."

சொன்னபடி வந்தார். தன் வேலையை விட்டு கிளினிக் வரிசையில் என்னோடு குந்தியிருந்தார். ஸ்கேனும் இரத்தச் சோதனையும் பார்த்த டொக்டர் விளக்கினார்: என் இரத்தம் தேவைக்கு மேல் உறையும் சுபாவமுள்ளது. அன்று கால் நாளத்தில் உறைந்த கட்டி உள்ளே வால்வுகளைக் கெடுத்துவிட்டது. மேலே ஏறவேண்டிய இரத்தம் கீழேயே தேங்கி, அந்த அழுத்தத்தில் தோல் வெடித்திருக்கிறது. கடைச் சரக்குப் போலவே இரத்தமும் எனக்குத் தேங்கியிருக்கிறது!

"காலை எடுக்கிறதா டொக்டர்?"

"ஆர் சொன்ன? இறுக்கிக் கட்டுவம், ஆறும்."

இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் விழுங்கக் குளிசை, காலுக்கு இறுக்கக் கட்டு, உட்கார்ந்தால் காலை உயர்த்தி வைக்கவேண்டும். மேசைமேல் கால் நீட்டி வியாபாரம் செய்த என்னைப் பார்த்து, "முதலாளிக்குப் பெருமை கூடிட்டு" என்றார்கள் கடைக்கு வந்தவர்கள். அடுத்த நோன்புக்கு முன் புண் மூடியது. வாய்தான் இன்னும் இல்லை.

இப்போது பள்ளியில் யாருடைய சாரனாவது இறங்கியிருந்தால், "கால் சுகமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்த மனிதர் என் சாரனை மட்டும் திருத்திவிட்டுப் போயிருந்தால், நான் எந்தக் காலில் நின்று தொழுதிருப்பேன் என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் நினைத்துக்கொள்கிறேன்.