ஒரே மயக்கம், இரண்டு பெயர்

போன மாசியில் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் மயங்கி விழுந்தேன். கைகால் உதறியது. வீட்டுக்கு வந்த டாக்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஹிஸ்டீரியா. கண்டுக்காதீங்க, தானா எழுந்துக்கும்" என்று என் கணவரிடம் சொன்னார்.

"நடிச்சிக்கினு கெடக்கறாடா. கிளியனூருக்கே அனுப்பிடு" என்று மாமியார் என்னைப் பிறந்த வீட்டுக்குத் துரத்தப் பார்த்தார்.

சித்திரையில், திண்டிவனத்தில் குமாஸ்தாவாக இருக்கும் என் கணவர் ஆபீசிலிருந்து வந்ததும் விழுந்தார். அதே உதறல், அதே டாக்டர்.

"நரம்புத் தளர்ச்சி. லீவு போட்டு நல்லா ரெஸ்ட் எடுங்க."

"எனக்கு வந்தப்போ மட்டும் ஹிஸ்டீரியாங்களா?" என்று கேட்டேன்.

"அது பொம்பளைங்களுக்கு வர்றதும்மா" என்று பையை மூடினார்.

இப்போதெல்லாம் தலை சுற்றினால் நான் டாக்டருக்குக் காத்திருப்பதில்லை. "எனக்கு நரம்புத் தளர்ச்சி" என்று நானே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு மாமியாருக்கும் சேர்த்துச் சோறு வடிப்பவர் என் கணவர்தான்.