ஏ.இ.ஓ. மேடத்தின் வெள்ளிக்கிழமை போன்

மழை இருட்டிக்கொண்டு வந்தாலே என் கண் பள்ளிக்கூடக் கூரைக்குத்தான் போகும். நான் தலைமையாசிரியை ஆன முதல் வருஷம். கரமனையில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கும் ஒரு சின்ன பிரைமரி பள்ளி. இரண்டாம் வகுப்பின் ஓட்டுக்கூரைக்கு நேர் மேலே பக்கத்துப் பறம்பின், அதாவது தோட்டத்தின், அயினி மரக்கிளை ஒன்று பட்டுப்போய் நின்றது. கார்ப்பரேஷனில் கேட்டால் மரத்துக்காரரிடம் சொல்லச் சொன்னார்கள். மரத்துக்காரரோ வெளிநாட்டில். வகுப்பைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்ற மேலிடத்தில் அனுமதி கேட்டால், "எச்.எம். வேண்டியதைச் செய்யணும்" என்று பதில். வேண்டியது என்ன, நானே மரத்தில் ஏறணுமா? மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்றால் எச்.எம்முக்கு நாலு பக்கமும் இடி. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தாலே ராத்திரி தூக்கம் வராது.

"எனக்கு வேண்டாம் இந்த எச்.எம். வேலை. பழையபடி கிளாஸ்லயே நின்னுக்கறேன்" என்று வீட்டில் புலம்பினேன்.

"ஏ.இ.ஓ. வரச்சே சொல்லிடு. இப்படிப் பயந்து பேடிச்சுண்டே எத்தனை நாள் இருப்பாய்?" என்றார் என் கணவர்.

ஏ.இ.ஓ. என்றால் எங்கள் பகுதிப் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் அதிகாரி. முன்பு இருந்தவர்கள் இளநீர் குடிப்பார்கள், ரிஜிஸ்டரைப் புரட்டுவார்கள், ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட்டுக் கிளம்புவார்கள். இப்போது வந்தவர் புதியவர், நாஞ்சில் நாட்டுப் பெண், என்னைவிட இளையவர். அவர் முன்னால் ரிஜிஸ்டர்களை அடுக்கி வைத்துவிட்டு, "மேடம், எனக்கு இந்தப் பதவி வேண்டாம்" என்றேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் ரிஜிஸ்டரைத் தொடவில்லை. "அது இருக்கட்டும் டீச்சரே. உங்கள ஒறங்க விடாதது எது? அத மொதல்ல காட்டுங்க."

மரத்தைக் காட்டினேன். "அய்யோ, இதுக்கு அடியிலயா பிள்ளைய இருக்கு!" என்று அப்போதே வகுப்பை மாற்றச் சொன்னார். "நான் சொல்லித்தான் மாத்துனதுன்னு எழுதி ஒப்புப் போட்டுத் தாறேன். எவன் கேட்டாலும் என் தலை, உங்க தலை இல்ல." பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தே ஒவ்வொரு ஆபீஸாக போன் போட்டார். அடுத்த வாரம் கிளையை வெட்ட ஆள் வந்தது.

என் பதவி விஷயத்துக்கு, "வெள்ளிக்கிழமை விளிக்கேன். அதுவரைக்கும் இருங்க" என்றார். சொன்னபடியே போனில் கூப்பிட்டார். அதற்கடுத்த வெள்ளியும் கூப்பிட்டார். "இந்த வாரம் என்ன பேடி?" என்பதுதான் முதல் கேள்வி. எனக்கும் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி என்று ஒரு வருஷம் ஓடிப்போயிற்று.

அப்படி ஒரு வெள்ளி, அவர் குரலே சரியில்லை. "டீச்சரே, நானும் திரும்ப ஏதாவது ஸ்கூலுக்கே போயிரலாம்னு பாக்கேன். முடியல" என்றார்.

இந்தப் பெண்ணும் போய்விட்டால் நான் எப்படி இருப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. எத்தனை பள்ளிக்கு இவர் இப்படித் தன் தலையைக் கொடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

"மேடத்தை யார் விளிச்சு என்ன பேடின்னு கேக்கறா?" என்றேன்.

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுகிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.