நடுவில் மைக் இல்லை

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில், கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் அவர். தோளில் ஈரத்துண்டு, தொண்டையில் கரகரப்பு.

"எல்லாரும் அடுத்தவங்களத்தான் காணோன்றாங்க. நான் தொலைஞ்சிட்டேன்னு ஒருத்தனும் வரலீங்க."

மச்சானைத் தேடிப் போன நான் சும்மா இருந்திருக்கலாம். பிரபஞ்சமும் இப்படித்தான் விரிகிறது, எங்கே நின்று பார்த்தாலும் மற்ற நட்சத்திரக் கூட்டங்கள்தான் விலகிப் போகும், நடு என்று எதுவுமில்லை என்றேன்.

அவர் பதறிவிட்டார். "நடு இல்லாட்டி மைக் செட்ட எங்க போடுவாங்க?"

உடனே மைக்கைப் பிடித்தார். "மேல போய்க்கினு இருக்கிற நட்சத்திரங்க எல்லாம் நின்ன இடத்துலயே நில்லுங்க!"

காவடிக்காரர்கள்கூடத் திகைத்து நின்றார்கள். அந்த இடைவெளியில் மச்சான் என்னைப் பிடித்துவிட்டான்.

"எங்க பாவா தொலைஞ்சு போனீங்க?"

நட்சத்திரங்களுக்குத்தான் அவர் குரல் இன்னும் போய்ச் சேரவில்லை.