பூட்டின வீட்டின்ரை யன்னல்கள்

என்ரை மகள் ஜெனிற்றாவுக்கு ஆறு வயசு. போன மாரியிலை அவளின்ரை மூச்சு நிண்டிடுமெண்டு ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைச்சவள் நான். அதைச் சாட்சியாச் சொல்லத்தான் உங்களுக்கு முன்னாலை வந்தனான், சகோதரங்களே.

குருநகரிலை ஒரு வளவுக்குள்ளை நாலு அறை, நாலு குடும்பம். எங்கடை அறை கடைசி. தகரச் சீற் கூரை, ஈரம் ஊறின சுவர். ஒரேயொரு யன்னல், திறந்தா கக்கூசுக் குழி. அதாலை பலகை வைச்சு அடிச்சாச்சு. ஒரு பிள்ளை இருமினா நாலு அறையும் இருமும். வேறை வீடு பாப்பமெண்டா, கடலுக்குப் போற மனுசன்ரை உழைப்பிலை அந்த வாடகை குடுக்கேலாது.

இழுப்பு வந்தா பிள்ளையின்ரை நெஞ்சுக்குழி உள்ளுக்குப் போகும், உதடு நீலமாகும். எனக்குக் கை கால் ஓடாது. கதவையும் சாத்தி, மெழுகுதிரி ஏத்தி, சாம்பிராணி புகைச்சுச் செபமாலை சொன்னன். அவள் இன்னும் இருமினாள். கெட்ட ஆவியெண்டு நினைச்சு நான் இன்னும் புகைச்சன். விசரி நான். ஆஸ்பத்திரி நேர்ஸ் இதைக் கேட்டிட்டு ஏசிப் போட்டா. "புகைக்கும் ஈரத்துக்கும் நடுவிலை பிள்ளையைக் கிடத்திப்போட்டு மருந்தை மட்டும் கேக்கிறியளோ? காத்து வாற இடமாப் பாருங்கோ" எண்டா.

எங்கை பாக்கிறது? ஆண்டவரிட்டைக் கேக்கவும் கூச்சம். சுகம் கேக்கலாம், வீடு கேட்டா பேராசை எண்டு நினைச்சிருந்தன்.

ரெண்டு ஒழுங்கை தள்ளி, கனடாவிலை இருக்கிற ரீச்சர் ஒராளின்ரை வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டுத் திறப்பு என்னட்டைத்தான். சுவர் பூஞ்சணம் பிடியாமல் சனிக்கிழமைகளிலை யன்னலெல்லாம் திறந்து, கூட்டித் துடைக்கிறது என்ரை வேலை. யோசிச்சுப் பாருங்கோ. ஆளில்லாத வீட்டுக்குக் காத்து விட்டிட்டு, காத்தில்லாத அறைக்குத் திரும்பிப் போவன்.

கார்த்திகை மழை. ஒரு சனிக்கிழமை காலமை ஆஸ்பத்திரியிலை மருந்து குடுத்து எங்களை வீட்டை அனுப்பிச்சினம். அந்த அறைக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோக எனக்குப் பயம். ரீச்சரின்ரை வீட்டைத் திறந்து, ஹோலிலை பாய் போட்டுக் கிடத்தினன். களவு செய்த மாதிரி இருந்தது. முதல்முறையா வாய்விட்டுக் கேட்டன்: "ஆண்டவரே, இவள் மூச்சுவிட ஒரு வீடு தாரும்."

கொஞ்ச நேரத்திலை போன் அடிச்சுது. ரீச்சர், வீடியோ கோல். "மழை பெலமாமே. ஹோலிலை ஒழுகுதோ எண்டு காட்டு பிள்ளை."

பிடிபட்டிட்டன். வேலையும் போச்செண்டு நினைச்சன். பொய் சொல்ல வாய் வரேல்லை. போனைத் திருப்பிப் பிள்ளையைக் காட்டி, எல்லாத்தையும் அழுதழுது சொன்னன்.

ரீச்சர் போனுக்குக் கிட்ட வந்து பிள்ளையை உத்துப் பாத்தா. பிறகு, "நித்திரையோ?" எண்டு கேட்டா.

"ஓம் ரீச்சர். ரெண்டு நாளைக்குப் பிறகு இப்பத்தான்."

"எழுப்பாதை. திறப்பு உன்னட்டைத்தானே கிடக்கு. குடும்பமா அங்கையே இருங்கோ. அறைக்குக் குடுக்கிற வாடகையைத் தந்தாப் போதும்."

இந்த மாரியிலை அவளுக்கு ஒருக்காத்தான் இழுத்தது. பள்ளிக்கூடமும் ஒழுங்காப் போறாள். இப்ப சாம்பிராணி முற்றத்திலைதான். ஆண்டவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் எனக்குக் காணாது.

ஆனா என்ரை பயம் முழுசாப் போகேல்லை. நாங்கள் விட்ட அறைக்கு ஒரு கைக்குழந்தையோடை ஆக்கள் வந்திட்டினம். போன கிழமை அந்த வழியாலை போகேக்கை அது இருமினது கேட்டது. சகோதரங்களே, சுகம் கேக்கிற மாதிரி வீட்டையும் கூச்சப்படாமல் கேளுங்கோ, அவர் தருவார். பூட்டின வீட்டுத் திறப்பு வைச்சிருக்கிற ஆக்கள் இந்தக் கோயிலுக்குள்ளையும் இருக்கிறியள். அந்தக் குழந்தைக்காக ஆண்டவரிட்டைக் கேட்டிட்டன். இப்ப உங்களிட்டைக் கேக்கிறன்.