பொன்னாடையும் இரண்டாவது பாட்டும்

‘ஒரே பாட்டுக்காரி’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர் தன் பிள்ளைக்கு ஒரு தாலாட்டையாவது முழுதாகப் பாடியிருப்பாரா என்று கேட்க வேண்டும் போலிருக்கும். ரிதம் அண்ட் புளூஸ் என்கிற கறுப்பின மக்களின் இசையைப் பாடினவர்களில் இப்படி ஒரு பட்டியலே உண்டு. ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடி, பிறகு ஒன்றுமே ஓடாதவர்களின் பட்டியல். அதை இணையத்தில் போட்டுச் சிரிக்கிறார்கள். மற்றப் பாட்டுகளை ஓடவிடாமல் செய்தது யார் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

அப்படி ஒருவர் மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். கறுப்பினப் பெண்மணி, மொன்றியலிலேயே பிறந்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். நான் இலங்கையிலிருந்து அகதியாக வந்து கோப்பை கழுவிய காலத்தில், உணவகக் குசினி வானொலியில் நாளுக்கு நாலு தரம் போன பாட்டு அவருடையது. அது தெரியவந்த அன்று நானும் எல்லோரும் கேட்கிறதைத்தான் கேட்டேன்: “பிறகு ஏன் பாடவில்லை?”

“பாடாமல் இருந்த நாளே இல்லை,” என்றார். “கேட்கத்தான் ஆளில்லை.”

இரண்டாவது இசைத்தட்டு முழுவதும் பதிவாகியிருந்ததாம். முதல் பாட்டைப் போலவே இன்னொன்று வேண்டும் என்று சொல்லி, கம்பனிக்காரர்கள் அதை வெளியிடாமலே விட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வருசம் எங்கள் ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்கு இவரைக் கூப்பிடுவோம் என்று நிர்வாகக் குழுவில் சொன்னது நான்தான். எங்கள் பிள்ளைகள் தமிழ் நாடகம் தொடங்கினாலே தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். ஒரு ஆங்கிலப் பாட்டாவது கேட்கட்டுமே என்று நினைத்தேன். எந்தப் பாட்டு என்று தெரிந்ததும் தலைவரே ஒரு வரியை முணுமுணுத்துக் காட்டினார். பாடகியிடம் போய்க் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. புதிதாக எழுதிய பாட்டு ஒன்றையும் பாடலாமா?

“இரண்டு பாட்டு. நான் பொறுப்பு,” என்றேன்.

மூன்று கிழமையாகச் சுவருக்கு அந்தப் பக்கம் புதுப்பாட்டுத்தான். பழையதை அவர் ஒரு தரம்கூடப் பாடிப் பார்க்கவில்லை.

ஞாயிறு மத்தியானம், நகரின் வடக்கே அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபம். பாடகி ஊதா நிற நீள அங்கியில் வந்திருந்தார். பழைய பாட்டைத் தொடங்கியதும் சனம் எழும்பிவிட்டது. பிள்ளைகள் படம் பிடித்தார்கள், மாமிமார் கைதட்டினார்கள். முடிந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “இனி ஒரு புதுப்பாட்டு,” என்றார். மேடையோரம் நின்ற என் கையில் தலைவர் பொன்னாடையைத் திணித்தார்.

“அண்ணை, சோறு ஆறுது. கெதியாப் போத்தி விடுங்கோ.”

“இன்னும் ஒரு பாட்டு இருக்கு. நான் சொல்லிப்போட்டனே!”

“தெரியாத பாட்டை ஆர் கேக்கிறது? பேந்து பாப்பம்.”

எங்கள் மேடைகளில் பொன்னாடை மரியாதைதான். ஆனால் பேச்சாளர் நேரம் தெரியாமல் இழுத்தால் அதே பொன்னாடையைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். தோளில் விழுந்துவிட்டால் ஆள் இறங்கியாக வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. அவருக்குத் தெரியாது.

நான் அதைத் தலைவரின் முகத்திலேயே எறிந்திருக்க வேண்டும். சபைக்கு முன்னால் சண்டை வேண்டாம் என்று மேடையேறிப் போர்த்தினேன். அவர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. நிமிர்வதற்குள் அறிவிப்பாளர் மைக்கை வாங்கிச் சாப்பிட வரும்படி சபையை அழைத்துவிட்டார்.

“இப்போதா, பிறகா?” என்று பாடகி என்னிடம் கேட்டார்.

“சாப்பாட்டுக்குப் பிறகு,” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

பாடுவதற்கு முன் அவர் சாப்பிட மாட்டாராம். சுடுதண்ணீர் மட்டும் கேட்டு வாங்கி, பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சனம் ஆட்டிறைச்சிக் கறியும் சோறுமாகக் கதிரைகளுக்கிடையே நெருக்கியடித்தது. நான் தலைவரிடம் மூன்று தரம் போனேன். முதலில் பரிசுச்சீட்டு என்றார், பிறகு பிள்ளைகளின் நடனம் என்றார், மூன்றாம் தரம் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நடனம் முடிய ஒலிபெருக்கிக்காரர் வயர்களைச் சுருட்டத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் பாடகி தானாகவே எழுந்து மேலங்கியைத் தேடினார்.

காரில் வரும்போது எனக்கு வாய் நிற்கவில்லை. தலைவரைத் திட்டினேன், குழுவைத் திட்டினேன், அவருடைய இசைத்தட்டுக் கம்பனியைத் திட்டினேன், தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்கிற சனத்தைத் திட்டினேன். வீட்டு வாசலில் அவர் பொன்னாடையைக் கழற்றி, அழகாக மடித்து, என்னிடம் தந்தார்.

“மற்ற இடங்களில் மைக்கை நிறுத்திவிடுவார்கள்,” என்றார். “உடனே விளங்கிவிடும், நானும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். நீ இதைப் போர்த்திவிட்டதால் இரண்டு மணித்தியாலம் பசியோடு காத்திருந்தேன்.”